மூன்றாம் வரிசைக்கு மேலே

காலை ஏழு மணிக்கு மதினி போன் செய்தால் அது நல்ல சேதியாக இருக்காது. அண்ணன் மனைவியான அவர் என்னோடு எப்போதும் சாயங்காலம்தான் பேசுவார். சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று நிதானமாக ஆரம்பிப்பார். அன்று எடுத்த எடுப்பிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஆத்தா, மூணாவது வரிசைக்கு மேல எலை பூராம் தொங்கிப் போச்சு. நேத்தே லேசா வாட்டமாத்தான் தெரிஞ்சுச்சு, வெயில்னு விட்டுட்டேன். இன்னைக்குக் காயும் சுருங்குது. ஒங்க அண்ணன் டூட்டிக்குக்கூடப் போகல. தலையில கைய வச்சு ஒக்காந்துட்டாக. பந்தல் பிரிக்கிற ஆளுகள நாளைக்கு வரச் சொல்லிட்டாக."

நான் கல்லூரி விடுதிக் குழாயடியில், வாயில் பேஸ்ட் நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் பதினொரு மணிக்கு என் கைடு முன்னால் ஆராய்ச்சி முடிவைச் சொல்ல வேண்டும். அந்த முடிவே அந்த மூன்றாவது வரிசைதான். வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

எங்கள் தோட்டம் ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில், ஒன்றரை ஏக்கர் திராட்சை. எங்கள் பக்கத்தில் திராட்சை என்றால் பந்தல்தான். கல்தூண் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் கம்பி இழுத்து, கொடியை அதன் மேல் படர விடுவோம். கீழே நிழலில் நடக்கலாம், குலைகள் தலையில் இடிக்கும். அப்பா காலமான பிறகு தோட்டம் அண்ணன் கைக்கு வந்தது. அவனுக்கு லோயர் கேம்ப் மின் நிலையத்தில் ஷிப்டு வேலை. அதனால் தோட்டத்து வேலையை ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டோம். தண்ணீரும் மோட்டாரும் அண்ணன். உரமும் மருந்தும் மதினி. கவாத்து வெட்டுவதும் கொடி கட்டுவதும் பக்கத்து ஊர்ப் பெண்கள். கூட்டமாக வந்து இரண்டு நாளில் முடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். நான் நோட்டும் பேனாவுமாக வந்து அளந்துவிட்டுப் போகிறவள்.

கொடிகள் நாலைந்து வருஷமாகவே நோஞ்சான். இலை ஓரம் கருகும். ஒரே குலையில் பெரிதும் சிறிதுமாகக் காய் பிடிக்கும். வியாபாரி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைத்துவிட்டார்கள். அண்ணன் மட்டும் பிடிவாதமாக நின்றான்.

"இந்தக் காய்ப்பு வரைக்கும் பாப்பேன் ஆத்தா. நீ அதுக்குத்தான படிக்கிற? காரணம் என்னன்னு நீ சொல்லு, அப்பிடியே செய்றேன். அதுக்கும் சரி வரலன்னா பிரிச்சிருவேன்."

எனக்குச் சந்தேகம் இரண்டு பேர் மேல். ஒன்று, வேரில் முடிச்சுப் போட்டு உறிஞ்சும் நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு அது. இன்னொன்று, போர்வெல் தண்ணீரால் மண்ணில் ஏறிய உப்பு. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் நான் போகும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சது தாயி, அதப் பிரிச்சுப் பாக்கப்படாது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரி பெரியப்பா, எல்லாம் பிணைந்ததுதான். நாளைக் காலையில் என் அண்ணன் எந்த மூட்டையைப் பிரித்துக் கொட்ட வேண்டும்? அதைக் கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

என் கைடு அதற்கு நேர் எதிர். "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்கம்மா. மத்ததெல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கணும். அப்பத்தான் எது காரணம்னு கையில பிடிக்க முடியும்." அவர் பேச்சு எனக்குத் தேனாக இனித்தது. பந்தலின் மேற்கு ஓரத்திலிருந்து மூன்று வரிசைகளை எடுத்துக்கொண்டேன். முதல் வரிசைக்கு ஒன்றும் செய்யவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டேன். இரண்டாம் வரிசையின் வேருக்குப் புழு மருந்து. மூன்றாம் வரிசைக்கு உப்பை முறிக்க ஜிப்சம். தூணுக்குத் தூண் பெயிண்டால் எண் எழுதினேன். எண் எழுதிய தூணுக்கு நேர் மேலே தொங்கும் குலைகளை எண்ணினேன், காயை அளந்தேன், இலையை வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம்கூட விட்டதில்லை.

புரட்டாசியில் பதில் கிடைத்தது. முதல் வரிசைக்கு மேலே கொடியே சொற்பம், வெயில் தரையில் விழுந்தது. ஒன்றும் செய்யாமல் விட்டால் இப்படித்தான் ஆகும் என்று எழுதிக்கொண்டேன். இரண்டாம் வரிசைக்கு மேலே கருகிய இலை, ஒப்பேறாத காய். புழு மருந்தால் ஒரு பயனும் இல்லை. மூன்றாம் வரிசைக்கு மேலேயோ பச்சைப் பசேல் என்று இலை, உருண்டு திரண்ட குலைகள். ஜிப்சம்! உப்புதான் குற்றவாளி! போனில் அண்ணனிடம் கத்தினேன். அவன் மதினியைக் கூப்பிட்டு, "கேட்டியா, கேட்டியா" என்றான்.

ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. இரண்டாம் வரிசையின் வேர்களை எடுத்துப் புழு செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அந்த வரிசைதான் எப்படியும் உருப்படாத வரிசை ஆயிற்றே. வாய்க்கால் ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரிசையின் பத்துக் கொடிகளையும் அடியோடு வெட்டி, பத்து வேரையும் தனித்தனிப் பையில் போட்டு அனுப்பச் சொன்னேன்.

"பத்துமா?" என்றான் அண்ணன்.

"பத்தும்தான். கொறஞ்சா கணக்கு நிக்காதுண்ணே."

"காய் கெடக்குதே மேல?"

"அது என்ன காய், கொட்டப்பாக்கு மாதிரி. போனாப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வெட்டினான். திங்கள்கிழமை பைகள் வந்தன. பத்துப் பையிலும் வேர் சுத்தமாக இருந்தது, முடிச்சு அங்கொன்றும் இங்கொன்றும்தான். புழு ஒழிந்தும் கொடி தேறவில்லை என்றால் புழு காரணமே இல்லை என்றுதானே அர்த்தம்? கைடு என் தாளைப் பார்த்துவிட்டு, "பத்தும் எவ்வளவு ஒத்துப்போகுது பாருங்க" என்று மெச்சினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்கு மறுநாள் காலையில்தான் மதினியின் போன்.

பஸ்ஸில் தேனி தாண்டி, சின்னமனூர் வரும் வரைக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. புதுசாக ஏதோ நோய் வந்துவிட்டதா? நான் வெட்டச் சொன்ன இடத்திலிருந்து பரவுகிறதா? ஜிப்சத்தை அதிகம் கொட்டிவிட்டேனா? பலன் தந்த ஒரே வரிசையும் மூன்று நாளில் இப்படிச் சாகுமா? நாளைக்குப் பந்தலைப் பிரித்துவிட்டால் கம்பியை அறுத்துத் தூணைப் பிடுங்கி விற்றுவிடுவார்கள். பிறகு யார் என்ன கண்டுபிடித்து என்ன?

அண்ணன் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"மருந்துக் கடைக்காரர் வந்து பாத்தாக. இது வேற சீக்காம். ஒரு வரிசையில வந்தா வாரத்துல பந்தல் பூராம் போயிருமாம். எனக்கு இனிமே தெம்பு இல்ல ஆத்தா."

"ஒரு நாள் பொறுண்ணே."

"எத்தன ஒரு நாளு? நாலு வருசமா ஒரு நாள், ஒரு நாளுன்னு..."

நான் பந்தலுக்குள் போனேன். மூன்றாம் வரிசைக்கு மேலே அண்ணாந்து பார்த்தேன். வாய்க்கால் பக்கமிருந்து இலைகள் கசங்கிய காகிதமாகத் தொங்கின. குலைகளில் காய் தோல் சுருங்கிவிட்டது. கையை வைத்ததும் இரண்டு காய் உதிர்ந்தது. கொஞ்ச தூரம் நடந்தேன். திடீரென்று வாட்டம் நின்று, பச்சை ஆரம்பித்தது. அடுத்த தூணிலிருந்து எல்லாம் பழையபடி செழிப்பு. எந்த நோய் இப்படிக் கோடு கிழித்த மாதிரி நிற்கும்?

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். வாடிய கொடி ஒன்றைப் பிடித்துக் கையால் தடவிக்கொண்டே போனேன். இலைகளுக்குள் புகுந்து, வேறு கொடிகளோடு பின்னி, எங்கே போகிறதென்றே தெரியவில்லை. முகத்தில் எறும்பு ஏறியது. எரிச்சலில் கத்தினேன்.

"மதினி, நான் இதப் பிடிச்சு ஆட்டுறேன். எங்க ஆடுதுன்னு மட்டும் பாருங்க!"

ஆட்டினேன். மதினி மூன்றாம் வரிசையின் அடித்தண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்து ஆட்டினேன்.

"ஆத்தா... இங்கன இல்ல. அங்கன ஆடுது பாரு."

திரும்பினேன். இரண்டாம் வரிசையில், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ரம்பத்தால் அறுத்த தண்டின் மேல்பாதி கம்பியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பின்னிக் கிடப்பதை அறுவடைக்குப் பிறகு உருவிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். நான் இழுக்க இழுக்க அந்த அறுபட்ட தண்டு அந்தரத்தில் ஆடியது.

இன்னொரு வாடிய கொடியை ஆட்டினேன். இன்னொரு அறுபட்ட தண்டு ஆடியது. இறங்கிப் போய் இரண்டாம் வரிசைக்கு மேலே இருந்த கருகிய கொடியை ஆட்டினேன். முதல் வரிசையின் அடித்தண்டு அசைந்தது.

"அதுல என்ன இருக்கு?" என்றார் மதினி, என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய். "கட்டுற பொம்பளைக காத்துப் போற பக்கமாத்தான கொடியச் சாய்ச்சுக் கட்டுவாக? எதுத்துக் கட்டுனா ஆடிக் காத்துல படார் படார்னு ஒடிஞ்சிரும்ல?"

எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. பிறந்ததிலிருந்து தெரியும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக மேல்காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி வரும், தளிரெல்லாம் கிழக்கே சாயும், கட்டுகிறவர்கள் அந்தப் போக்கிலேயே அடுத்த வரிசைக்கு மேலே இழுத்துக் கட்டுவார்கள். பள்ளிக்கூட லீவில் அந்தப் பெண்களோடு நானே வாழை நாரால் கட்டியிருக்கிறேன். ஆனால் என் நோட்டில் மண்ணுக்குக் கட்டம் இருந்தது, தண்ணீருக்கு, மருந்துக்கு, இலைக்கு, காய்க்குக் கட்டம் இருந்தது. காற்றுக்கு இல்லை. தூணில் நான் எழுதிய எண் வேருக்குத்தான் பொருந்தும். மேலே தொங்குவது மேற்குப் பக்கத்து வரிசையின் காய். முதல் வரிசைக்கு மேற்கே வரிசையே இல்லை, அதனால்தான் அதன் மேலே கொடி சொற்பம். மூன்றாம் வரிசைக்கு மேலே செழித்து நின்றது ஜிப்சம் போட்ட கொடி அல்ல, புழு மருந்து வாங்கிய இரண்டாம் வரிசைக் கொடி. பிழைத்து வந்த ஒரே வரிசையைத்தான் உருப்படாதது என்று சொல்லி வெட்ட வைத்திருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. பத்துக் கொடி வெட்டியிருந்தால் வாட்டம் அவ்வளவு தூரம் வர வேண்டும். ஏன் பாதியில் நின்றது? எழுந்து போய் வெட்டிய குழிகளை எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான். ஏழாவது கொடி தண்டு முழுசாகக் கம்பீரமாக நின்றது.

"அண்ணே!"

என் குரலைக் கேட்டு அவன் ஓடி வந்தான். நான் குழிகளைக் காட்டினேன். தலையைச் சொறிந்தான்.

"மனசு கேக்கல ஆத்தா. எனக்கு வேலை கெடச்ச வருசம் நானே வச்ச கொடி. ஆறு அறுத்தேன். ஏழாவதுல ரம்பத்த வச்சேன், கை ஓடல."

"அப்பப் பத்துப் பையி?"

"இருக்குற வேரப் பத்தாப் பங்கு வச்சுப் போட்டேன். வேர் வேர்தான? ஒனக்குக் கணக்கு நிக்கணும்னு சொன்னேல்ல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அடப்பாவி! பத்தும் ஒத்துப்போகுதுன்னு எங்க சார் என்னைப் பாராட்டுனாருண்ணே! ஒத்துப்போகாம என்ன செய்யும், எல்லாம் ஒரே குவியல்லருந்து பங்கு வச்ச வேரு! என் வாழ்க்கையில விளையாண்டுட்டியே!" என்னென்னவோ கத்தினேன். மதினி குறுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டே நின்றான். மூச்சு வாங்கி நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில்தான் எனக்கே விளங்கியது. இவன் என்னை ஏமாற்றியதால்தான் நாலு கொடி உயிரோடு இருக்கிறது. இவன் நான் சொன்னபடியே பத்தையும் வெட்டியிருந்தால் வரிசை நெடுக வாடியிருக்கும், நானும் நோய் என்றே எழுதியிருப்பேன், நாளைக்குப் பந்தல் போயிருக்கும்.

ஸ்டூலில் ஏறிப் பச்சைக் கொடியை ஆட்டினேன். அறுக்காமல் விட்ட ஏழாவது தண்டு அசைந்தது. எட்டாவதும். நாலையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

பிறகு நான் சொன்னேன். எல்லாவற்றையும், நடந்தது நடந்தபடி. நான் அளந்தது எந்த வரிசைக் காயை, வெட்டச் சொன்னது எந்தக் கொடியை என்று. சொல்லச் சொல்ல அண்ணன் முகம் மாறியது. அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தேன். அவன் அண்ணாந்து கம்பியையே பார்த்தான்.

"கொடி கெழக்க சாஞ்சு கெடக்குன்னு எனக்கும் தெரியும். ஒங்க மதினிக்கும் தெரியும். நீ அளந்து பாத்துச் சொல்றவ, அதெல்லாம் கணக்குல எடுத்திருப்பன்னுதான நெனச்சேன்."

கைடுக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்கிறேன், எண்ணை அழுத்துவதற்கு முன்னால் ஒரு கெட்ட யோசனை வந்தது. அட்டவணையில் வரிசையை ஒன்று நகர்த்திவிட்டால் போதும், எல்லாம் சரியாக உட்கார்ந்துவிடும், நாளைக்கே முடித்துவிடலாம். அந்த யோசனையைக்கூட அவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஒண்ணு நகர்த்தினா சரியாயிடும்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கொடியும் ஒரே அளவு சாஞ்சிருக்கா? பார்த்தீங்களா?"

"இல்லை சார்."

"அந்தப் பத்துப் பைக் கணக்கைத் தூக்கிப் போட்டுடுங்க. நாளைக்கு வர வேண்டாம். நிற்கிற நாலு கொடியிலிருந்து ஆரம்பிங்க. தண்டிலிருந்து நுனி வரைக்கும் கையால பிடிச்சுப் பார்த்து நாடா கட்டுங்க. அப்புறம் பேசலாம்." பிறகு தணிந்த குரலில், "நானும் ஒரு தடவை உங்க தோட்டத்துக்கு வந்திருக்கணும்" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்றும் மனசில்லை. வரிசை வரிசையாகப் பிரித்திராவிட்டால் எந்த மருந்து எதைத் தேற்றியது என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. ஆனால் நான் பிரித்தது மண்ணை. மேலே பந்தல் ஒரே பந்தலாகத்தான் இருந்தது. இரண்டையும் பார்த்திருக்க வேண்டியவள் நான்.

அண்ணன் போனை எடுத்துப் பந்தல் பிரிக்கிற ஆளைக் கூப்பிட்டான். "இல்லண்ணே, வர வேண்டாம். இந்த வருசம் பிரிக்கல. ஆமா, நிக்கட்டும்" என்றான். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

"அப்பப் புழு மருந்து கேக்குது" என்றான் அண்ணன் என்னிடம்.

"கேக்குற மாதிரித்தான் தெரியுது. நாலு கொடிய வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. காய் அறுத்த பெறகு இன்னும் மூணு வரிசைக்கு ஊத்திப் பாப்போம்ணே."

"பாப்போம்." கத்தரியை எடுத்து ஒரு வாடிய குலையை அறுத்தான். இன்னொன்றை அறுத்தான். என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"கோவிச்சுக்கிறாத ஆத்தா. இனிமே நீ சொல்லிட்டன்னு அப்பிடியே செய்ய மாட்டேன். நானும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் செய்வேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். நான் எட்டாவது படிக்கும்போது அவன் சட்டைப் பையில் என் மதிப்பெண் அட்டையை வைத்துக்கொண்டு டீக்கடையில் எல்லோருக்கும் காட்டியவன். என் வாயிலிருந்து வந்த எதையும் அவன் இதுவரை திருப்பிக் கேட்டதே இல்லை.

"சரிண்ணே" என்றேன். அதைச் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் கூடையை என் பக்கம் தள்ளினான். நான் அழுதுகொண்டே குலைகளை வாங்கி அதில் அடுக்கினேன்.